இரண்டு புள்ளி மாறினாலும் நிற்கும் கருத்து: வாரந்தோறும் விளையாட்டுக் குறிப்பு எழுதும் முறை

பினாங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழேயுள்ள மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆறேழு பேர் கூடுவது பல ஆண்டு வழக்கம். அந்த வாரத்துப் பூப்பந்து (பேட்மிண்டன்), காற்பந்து, ஹாக்கி, ஸ்குவாஷ், கிரிக்கெட் செய்திகளைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி எடுத்து வந்து, படித்துக் காட்டி, ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்துப் பேசிவிட்டுப் பிரிவோம். புதிதாக வந்து சேரும் இளையவர்கள், "அண்ணே, ஒரு வாரத்தில் இவ்வளவு நடக்கிறது, இதை ஒரு பக்கத்தில் எப்படி எழுதுவது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத நினைக்கும் வேறு எவருக்காகவும் இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள வேண்டும். மற்றவையெல்லாம் அதற்குத் துணையானவைதான். ஓர் ஆட்டத்தைப் பற்றி ஒரு கருத்தை எழுதி முடித்ததும், "கடைசியில் இரண்டு புள்ளி இடம் மாறி விழுந்திருந்தால், நான் எழுதிய இந்த வரி அப்போதும் நிற்குமா?" என்று உங்களையே கேளுங்கள். நிற்கும் என்றால் நீங்கள் ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நிற்காது என்றால், முடிவுப் பலகையைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்ற காரணத்தைப் பிறகு தேடியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் ஹாக்கி இறுதியாட்டம் நடந்த இரவு, ஜப்பானுக்கு எதிராக மலேசியா 5-2 என்று முன்னணியில் இருந்தது. தங்கம் கிடைத்திருந்தால் 2000 சிட்னிக்குப் பிறகு முதல் முறையாக ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்றிருப்போம். ஆட்டம் 6-6 என்று சமநிலையில் முடிந்து, ஷூட்-அவுட்டில் 1-3 என்று தோற்றோம். அன்றிரவு கண்ணீரோடு உட்கார்ந்து, நம் ஆட்டக்காரர்களுக்கு நெஞ்சுரம் போதவில்லை என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். சில நாள் கழித்து அதைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது: ஷூட்-அவுட்டில் நமக்கு இன்னும் மூன்று அடிகள் உள்ளே போயிருந்தால், அதே அறுபது நிமிட ஆட்டத்தை வைத்துக்கொண்டு, அதே பேனாவால், நெஞ்சுரத்தைப் புகழ்ந்து எழுதியிருப்பேன். வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். மூன்று கோல் முன்னணி எப்படிக் கரைந்தது? நான் அதைக் கேட்கவே இல்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வி மீண்டும் வந்தது. 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டத்தில், பாதி ஆட்டம் முடிந்தபோது இந்தியாவைவிட மலேசியா 3-1 என்று முன்னே நின்றது. மூன்றாம் காற்பகுதியின் கடைசிக் கட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் விழுந்து ஆட்டம் சமமாகி, கடைசியில் 3-4 என்று கை நழுவியது. 2018இல் சரியான கேள்வியைக் குறித்து வைத்திருந்தால், முன்னணியைக் காத்து ஆடும் பழக்கம் நம் அணிக்கு ஏன் வரவில்லை என்ற தொடர் விவாதத்தை அன்றே தொடங்கியிருக்கலாம். நெஞ்சுரம் பற்றிய என் பக்கமோ எதற்கும் பயன்படவில்லை.

இதைப் பூப்பந்தில் சோதித்துப் பாருங்கள். புக்கிட் மெர்த்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய், 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சீனாவின் லின் டானிடம் 21-15, 10-21, 19-21 என்று தோற்றார். அதே ஆண்டு மே மாதம் தோமஸ் கிண்ணப் போட்டியில் கணுக்காலில் காயம்பட்டு, ஒலிம்பிக்குக்கே போக முடியுமா என்ற நிலையிலிருந்து மீண்டு வந்து ஆடிய ஆட்டம் அது. மூன்றாவது செட் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஓர் ஆட்டத்தை வைத்து, "பெரிய மேடையில் அவரால் முடியாது" என்று எழுதுவது, நான் சொன்ன கேள்விக்கு முன் ஒரு நொடியும் நிற்காது. ஆனால் இந்தச் சோதனை தோற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக ஏற்பட்டதன்று என்பதையும் நினைவில் வையுங்கள். 2016 ரியோவில் அரையிறுதியில் லின் டானை 15-21, 21-11, 22-20 என்று வென்ற மறுநாள், சென் லோங்கிடம் 18-21, 18-21 என்று நேர் செட்களில் தோற்றார். அங்கே இரண்டு புள்ளியை இடம் மாற்றிப் போட்டாலும் முடிவு மாறாது. அன்றைய நாளில் சென் லோங் சிறப்பாக ஆடினார் என்று எழுதுவதே நேர்மை, எழுதும்போது நமக்கு வலித்தாலும்.

வெற்றிகளுக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். 2010 டிசம்பர் 29 அன்று ஜகார்த்தாவில் நம் காற்பந்து அணி இந்தோனேசியாவிடம் 1-2 என்று தோற்றது. ஆனால் மூன்று நாளுக்கு முன் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்றிருந்ததால், இரண்டு ஆட்ட இறுதிச்சுற்றில் மொத்தம் 4-2 என்ற கணக்கில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. பயிற்றுநர் கே. ராஜகோபாலைப் பற்றி அந்த வாரம் எழுதியவர்கள் எல்லாரும் கிண்ணத்தைப் பற்றி எழுதினார்கள். பெருமிதப்பட வேண்டிய தருணம்தான். எனினும் கிண்ணம் வந்தது முதல் ஆட்டத்தில். இரண்டாம் ஆட்டத்தில் அதைக் காப்பாற்றினார்கள். இரண்டையும் பிரித்து எழுதியவரின் குறிப்பைத்தான் இன்றும் எடுத்துப் படிக்க முடிகிறது.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில் டி. குகேஷ் உலகச் சதுரங்க வெற்றியாளர் ஆனபோது எங்கள் மேசையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியான பதினான்காவது ஆட்டத்தில் நடப்பு வெற்றியாளர் டிங் லிரென் கோட்டையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தியதால்தான் 7.5-6.5 என்று முடிந்தது, எனவே பட்டம் கொடுக்கப்பட்டது, வெல்லப்படவில்லை என்று ஒருவர் எழுதி வந்திருந்தார். நான் அதை ஏற்கவில்லை. சமநிலையில் முடியக்கூடிய நிலையிலும் கைகொடுத்து எழுந்துவிடாமல், ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் எதிராளியைச் சிந்திக்க வைத்தது குகேஷின் முடிவு. அந்தத் தவறு நடக்காமல் ஆட்டம் சமமாகியிருந்தாலும், விடாமல் ஆடிய அந்த முடிவு சரியானதாகவே இருந்திருக்கும். இந்தக் கருத்து நிற்கிறது. நண்பருடையது நிற்கவில்லை என்பது என் எண்ணம்.

இனி, வாரத்தை எப்படிச் சேகரிப்பது என்று பார்ப்போம். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே "பார்த்தது", "துண்டாகப் பார்த்தது", "படித்தது" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மலேசிய நேரம் நமக்கு எல்லா விளையாட்டிலும் சாதகமாக இருப்பதில்லை. இந்தியாவில் இரவு 7.30க்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் நமக்குப் பத்து மணிக்குத் தொடங்கி, நள்ளிரவைத் தாண்டித்தான் முடிகிறது. ஐரோப்பிய வெற்றியாளர் லீக் ஆட்டங்களோ விடியற்காலை மூன்று அல்லது நான்கு மணிக்கு. மறுநாள் வேலைக்குப் போகிற ஒருவர் எல்லாவற்றையும் முழுமையாகப் பார்த்திருக்க முடியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்க்காததைப் பார்த்ததைப் போல எழுதுவதுதான் தவறு.

துண்டுக் காணொளி கோலைக் காட்டும், ஆட்டத்தைக் காட்டாது. 2016 பிப்ரவரியில் எங்கள் ஜார்ஜ் டவுன் நகர அரங்கில், பகாங்குக்கு எதிராக முகமட் ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் காற்றில் வளைந்து திசைமாறிப் போய் வலைக்குள் விழுந்ததை உலகமே பார்த்தது. அந்த ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஸ் விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தக் கோலைக் கோடிக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள், அந்த ஆட்டத்தை அன்று அரங்கில் இருந்தவர்கள்தாம் பார்த்தார்கள். கோலைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம்; பினாங்கு அணி அன்று எப்படி ஆடியது என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர் எழுதட்டும்.

அடுத்து, எதை எடுப்பது, எதை விடுவது. ஒரு பக்கத்தில் மூன்று விளையாட்டுகளுக்கு மேல் நன்றாக எழுத முடியாது. நான்காவது வந்தால் ஒரு வரியோடு நிறுத்துங்கள். தேர்ந்தெடுப்பதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. இதே தீவில் பிறந்து வளர்ந்த நிக்கோல் டேவிட், 2006 ஆகஸ்டு முதல் ஒன்பது ஆண்டுகள், அதாவது தொடர்ந்து 108 மாதங்கள், ஸ்குவாஷில் உலகின் முதல் நிலையில் இருந்தார். உலக வெற்றியாளர் பட்டத்தை எட்டு முறை வென்றார். அந்த ஆண்டுகளில் நான் எழுதிய நோட்டுகளைப் புரட்டினால், மான்செஸ்டரிலும் லண்டனிலும் நடந்த காற்பந்து ஆட்டங்கள்தாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. உலகின் மிகச் சிறந்த வீராங்கனை எங்களூர்க்காரராகவே இருந்தபோது, தொலைக்காட்சி எதைக் காட்டியதோ அதையே முக்கியம் என்று எண்ணியிருக்கிறேன். ஸ்குவாஷ் அவருடைய காலத்தில் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸில்தான் முதன்முறையாக வருகிறது. அதனால் அவருடைய சாதனை சிறிதாகிவிடாது. அதைப் பதிவு செய்யாத என் பக்கங்கள்தாம் சிறிதாகிவிட்டன.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன், உங்களுக்கும் அதைப் பரிந்துரைக்கிறேன்: தொலைக்காட்சியில் அதிகம் வராத ஒரு விளையாட்டில், நம் நாட்டவர் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு வாரம் ஒரு பத்தி கட்டாயம். சுங்கை பட்டாணியின் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் 2022இல் கார் விபத்தில் படுகாயம் அடைந்ததும், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றதும், 2024இல் லண்டன் கிளாசிக் பட்டத்தை எடுத்ததும் அந்தப் பத்தியால்தான் என் நோட்டில் இடம்பெற்றன. ஆனால் மீண்டு வந்தவரைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு முறையும் விபத்தில் தொடங்காதீர்கள். முதல் முறை அது செய்தி. பத்தாவது முறையும் அதிலேயே தொடங்கினால், அவருடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதற்குரிய தராசு உண்டு என்பதை மறக்கக் கூடாது. பூப்பந்துத் தரவரிசை, கடந்த 52 வாரங்களில் ஒருவர் பெற்ற மிகச் சிறந்த பத்து முடிவுகளைக் கூட்டிக் கணக்கிடப்படுகிறது. ஒருவர் இந்த வாரம் ஆடவே இல்லை என்றாலும், சென்ற ஆண்டு இதே வாரத்தில் பெற்ற பெரிய புள்ளி உதிர்ந்துபோவதால் பட்டியலில் கீழே இறங்கலாம். ஆகவே "சரிவு" என்று ஒரு தலைப்பைப் பார்த்ததும் அவருடைய ஆட்டம் கெட்டுவிட்டது என்று எழுதுவதற்கு முன், உதிர்ந்த புள்ளி எந்தப் போட்டியுடையது என்று பாருங்கள்.

கிரிக்கெட்டில் எதிரணியின் பலத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லக் கூடாது. 2023 ஜூலையில் பாயுமாஸ் திடலில் மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து 7 விக்கெட்டுகளை எடுத்தார். ஆடவர் அனைத்துலக டி20 ஆட்டங்களில் ஏழு விக்கெட் எடுத்த முதல் பந்துவீச்சாளர் அவர்தான்; ஏழு பேரையும் ஸ்டம்பைத் தகர்த்தே வெளியேற்றினார். சீன அணி அன்று 23 ஓட்டங்களுக்குச் சுருண்ட புதிய அணி என்பதையும் அதே பத்தியில் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதால் சாதனை குறைந்துவிடாது. ஸ்டம்பை நோக்கி விடாமல் வீசும் ஒழுங்கு, யார் எதிரே நின்றாலும் ஒழுங்குதான்.

இதே தராசு நமக்கு எதிராகவும் இயங்கும். 2025 ஜனவரியில் நம் மண்ணில் நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கிண்ணத்தில், மலேசியப் பெண்களை இந்தியா 31 ஓட்டங்களுக்குள் சுருட்டியது. அதே இந்திய அணி பின்னர் கிண்ணத்தையும் வென்றது. அந்த வாரம் எங்கள் மேசைக்கு வந்த ஒரு பக்கத்தில், நம் அணியைப் பற்றிக் கேலியாக நான்கு வரி இருந்தது. அதைப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள், உலகத்தின் மிகச் சிறந்த இளம் அணியின் எதிரே போய் நின்றார்கள். நம் பள்ளிகளில் எத்தனை பெண்களுக்குக் கிரிக்கெட் மட்டை கிடைக்கிறது என்பதுதான் அங்கே எழுத வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வி 31 ஓட்டம் எடுத்திருந்தாலும் 91 எடுத்திருந்தாலும் நிற்கும்.

நம் சாய்வுகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழ் ரசிகர்களாகிய நமக்குச் சில பெயர்களைக் கேட்டவுடன் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இது இயல்பு, இதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் மேசையில் பாதிப் பேர் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள். 2025இல் அந்த அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தபோது, அவர்கள் எழுதிய பக்கங்களில் நடுவர்கள் மீதும் ஆடுகளத்தின் மீதும் பழி கூடியதைக் கண்டேன். "நான் இந்த அணியின் ரசிகன்" என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள். அதன் பிறகு எழுதுவதைப் படிப்பவர் உரிய கழிவோடு எடுத்துக்கொள்வார்.

ஆனால் இந்தச் சாய்வு இன்னொருவரின் பங்கை விழுங்கிவிடக் கூடாது. 2025 ஆகஸ்டு 31, நம் சுதந்திர நாளன்று, பாரிஸில் நடந்த உலகப் பூப்பந்து வெற்றியாளர் போட்டியின் மகளிர் இரட்டையர் இறுதியாட்டத்தில் பேர்லி டான், தீனா முரளிதரன் இணை சீனாவின் லியூ ஷெங் ஷு, டான் நிங் இணையிடம் மூன்று செட்களில் போராடித் தோற்று வெள்ளி வென்றது. எங்கள் மேசைக்கு வந்த பக்கங்களில் தீனாவின் பெயர் மட்டும் இருந்தவை இரண்டு. இரட்டையர் ஆட்டம் இருவர் ஆட்டம். ஒருவர் வலையருகே பறித்தெடுக்கும் புள்ளிக்கு, பின்னாலிருந்து மற்றவர் அடித்த அடிதான் வழி திறந்திருக்கும். பேர்லியின் அடி மணிக்கு 438 கிலோமீட்டர் வேகத்தில் அளக்கப்பட்டு கின்னஸ் சாதனையானது. தீனாவை நம் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடும்போது, பேர்லியையும் அதே வாக்கியத்தில் உட்கார வைப்பதுதான் தீனாவின் ஆட்டத்துக்கும் நாம் செய்யும் மரியாதை. அதே நாளில் கலப்பு இரட்டையரில் சென் டாங் ஜீ, தோ ஈ வெய் இணை நாட்டுக்கு அந்தப் பிரிவின் முதல் உலகத் தங்கத்தைக் கொண்டு வந்தது; அதைக் குறிப்பிடாத பக்கமும் ஒன்று வந்திருந்தது என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

திடலுக்கு வெளியே நடக்கும் செய்திகளை எழுதுவதற்குத் தனிக் கவனம் தேவை. 2025 ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலிலில் வியட்நாமை நம் அணி 4-0 என்று வென்றபோது நாடே கொண்டாடியது. செப்டம்பர் 26 அன்று, அந்த ஆட்டத்தில் ஆடிய ஏழு பேர் மலேசியாவுக்காக ஆடும் தகுதி பெற்றவர்கள் என்று காட்டக் கொடுக்கப்பட்ட ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று கூறி, ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் அந்த ஏழு பேருக்கும் அபராதமும், ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடையும் விதித்தது. நவம்பரில் மேல்முறையீட்டுக் குழு அதை உறுதி செய்தது. அதன்பின் விவகாரம் லோசானில் உள்ள விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. இத்தகைய செய்தி ஒரே நாளில் முடிவதன்று. படிப்படியாக ஏறிச் செல்வது. நீங்கள் எழுதும் வாரத்தில் அது எந்தப் படியில் நிற்கிறது, அந்தப் படியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை முதலில் எழுதி, உங்கள் கருத்தை அதன் கீழே தனிப் பத்தியாக வையுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால், அடுத்த படியில் ஏதாவது மாறும்போது எதைத் திருத்துவது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

மொழியைப் பற்றிச் சில சொற்கள். "துவம்சம்", "வதம்", "மண்ணைக் கவ்வினர்" போன்றவற்றைத் தவிர்த்து விடுங்கள். எல்லா வெற்றிக்கும் ஒரே சொல்லைப் போட்டால் 21-5க்கும் 22-20க்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. பூப்பந்து, காற்பந்து, திடல்தடம் (தடகளம்) என்று நம் நாட்டுத் தமிழ் நாளிதழ்கள் வளர்த்த சொற்கள் இருக்கின்றன. அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆட்டக்காரரின் பெயரை ஒரு பக்கத்தில் ஒரே விதமாக எழுதுங்கள்.

எழுதி முடித்த பக்கத்தை உடனே தூக்கி வைத்துவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு புதிய பக்கத்தைத் தொடங்குமுன் சென்ற வாரப் பக்கத்தை எடுத்து, நிற்காத வரிகளுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். தகவல் பிழை இருந்தால் புதிய பக்கத்தின் முதல் வரியிலேயே திருத்தத்தை எழுதுங்கள். 2018 செப்டம்பரின் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அதன் ஓரத்தில் சிவப்பில், "5-2 எப்படி 6-6 ஆனது?" என்று எழுதி வைத்திருக்கிறேன். நம் ஹாக்கி அணி ஆடும் ஒவ்வொரு வாரமும், முன்னணியில் இருக்கும்போது கடைசிக் காற்பகுதியை அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்துக்கொண்டு வருகிறேன்.